பெரியபாளையம் போகும் வேனும் நின்றுபோன ஃபேனும்

ஆடி பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்துச் சாலைகள் எல்லாம் பெரியபாளையத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். பவானியம்மனுக்குப் பொங்கல் வைக்க ஒருகாலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேனில் போகிறார்கள். பின்சீட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பாய், ஜமுக்காளம், பொங்கல் பானை, அடுப்பு, அரிசிப் பை, இரண்டு குடம் தண்ணீர், காலைக் கட்டிய சேவல் ஒன்று. கோயிலைச் சுற்றியும் ஆரணி ஆற்றங்கரையிலும் இரவு தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, வேப்பஞ்சேலை வேண்டுதலை முடித்துக்கொண்டு மறுநாள் திரும்புவார்கள். ஐரோப்பாவில் படுக்கையும் அடுப்பும் பொருத்தி ‘கேம்பர் வேன்’ என்று தனியாகவே விற்கிறார்கள். இங்கே அந்த வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவது பழைய மாருதி ஆம்னி.

கும்மிடிப்பூண்டியில் கிளம்பி நெடுஞ்சாலையில் ஓடும்வரை வண்டியில் ஒரு குறையும் தெரியாது. புதுவாயலில் திரும்பி, கோயிலை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. பிறகு அடிக்கு அடி நின்று நகர வேண்டியிருக்கிறது. அப்போதுதான் ஹீட் மீட்டரின் முள் மெதுவாக எழும்பத் தொடங்கும். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து அனல் வரும். முன்பக்கம் ‘விர்’ என்று கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்காது. இன்னும் பத்து நிமிடத்தில் வண்டி ஓரங்கட்டப்பட்டு, பொங்கலுக்குக் கொண்டுவந்த தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும்.

ஓடும்போது சூடாகாத வண்டி நிற்கும்போது சூடாவது ஏன்? இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழுது கண்டுபிடித்தாயிற்று.

பெட்ரோல் என்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலை மூன்று பங்காகப் பிரித்தால், ஏறக்குறைய ஒரு பங்கு வேலையாகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதி ஒரு பங்கு என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. ஆம்னியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். அது நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் பெட்ரோல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால் 5.3 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,800 வாட் அளவு சூடு, ஓயாமல் தண்ணீரில் ஏறிக்கொண்டே இருக்கிறது. குளிக்க வெந்நீர் வைக்க வாளியில் போடுகிறோமே, அந்த ஹீட்டர் கம்பி பெரும்பாலும் 1,500 வாட்தான். அதைவிடச் சற்றுப் பெரிய கம்பி ஒன்றை ரேடியேட்டருக்குள் போட்டுவிட்டுக் கோயில் வரிசையில் நிற்பது போன்றது இது. என்ஜினின் இரும்பும் அலுமினியமும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் பத்துப் பதினைந்து நிமிடமாவது தாக்குப்பிடிக்கிறது.

வண்டி ஓடினால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். இதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. பந்தயத்துக்கென்றே செய்யப்படும் ஃபார்முலா கார்களில் ரேடியேட்டர் உண்டு, ஃபேன் கிடையாது. அவை நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பந்தயம் முடிந்து உள்ளே வந்து நின்றதும் வெளியிலிருந்து காற்றடிக்கும் கருவியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதே சோழவரத்துக்குப் பக்கத்தில் நல்லூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் ஆம்னிக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்குத் தன் காற்றைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

இழுக்கும் காற்றும் எப்படிப்பட்ட காற்று என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, உதகையின் காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 75. அதே தண்ணீருக்கு 40 டிகிரி காற்று என்றால் வித்தியாசம் 50. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், அதே காற்றளவு. குளிர்விக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடுகிறது. கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பநிலைப் பட்டியலில் இதே மாவட்டத்துத் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. தார்ச்சாலைக்கு ஒரு முழம் மேலே, முன்னால் நிற்கும் லாரியின் புகையோடு கலந்த காற்று, வானிலை அறிக்கையில் சொல்லப்படும் காற்றைவிடவும் சூடானது.

ஃபேனை மின்சாரத்தில் ஓட்டுவது காரின் வரலாற்றில் பிற்பாடு வந்த பழக்கம். அம்பாசிடரின் ஃபேன் என்ஜினின் முன்முனையில் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றியது. என்ஜின் ஓடினால் ஃபேன் ஓடும். வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. அந்த அம்பாசிடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் 1998இல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதில் என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது, ரேடியேட்டர் நேர்முன்னே நிற்கிறது. பெல்ட்டால் ஃபேனைச் சுற்ற வழியில்லை. ஆகவே தனி மோட்டார். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களுக்குள் ஃபேன் வரலாற்றின் இரண்டு அத்தியாயங்களும் இருக்கின்றன.

ஆம்னியின் கதையும் அதுவே. 1984இல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019 வரை 35 ஆண்டு தயாரிப்பில் இருந்த வண்டி அது. முன்சீட்டைத் தூக்கினால் என்ஜின். ரேடியேட்டரோ அங்கிருந்து தள்ளி முன்பக்கத்தில். இரண்டையும் இணைப்பது நீளமான ரப்பர் ஹோஸ். என்ஜினுக்கும் ஃபேனுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. இடையில் இருப்பது ஒரு ஃபியூஸ், சில மீட்டர் வயர், வயர்களை இணைக்கும் இரண்டு மூன்று கப்ளர், ஒரு தெர்மோ சுவிட்ச், ஓர் எர்த். இவற்றில் எது ஒன்று சோர்ந்தாலும் முன்னே ஃபேன் நின்றுவிடும்.

பழைய ஃபேன் மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்துப் பார்த்தால் அதற்குள் மர்மம் எதுவும் இல்லை. தகரக் கூட்டின் உட்சுவரில் வளைந்த கறுப்புக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். நடுவே செப்புக்கம்பி சுற்றிய ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செப்புத் தகடுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர். அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உராய்ந்துகொண்டிருக்கும் இரண்டு கார்பன். ஷாஃப்டின் இரு பக்கமும் எண்ணெய் ஊறிய வெண்கல புஷ். பத்து ஆண்டு ஓடிய மோட்டாரில் கார்பன் பாதியாகத் தேய்ந்திருக்கும். கம்யூட்டேட்டரில் கார்பன் ஓடிய தடம் பள்ளமாகத் தெரியும். உள்ளே தட்டினால் கறுப்பு மாவு கொட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் தினமும் ஷிப்டுக்கு ஆளேற்றிய வண்டியென்றால் அந்த மாவில் செம்பழுப்பும் கலந்திருக்கும். இரும்பு உருக்கும், உருட்டும் ஆலைகள் நிறைந்த வட்டாரம் அது. காந்தம் இருக்கும் இடத்தை இரும்புத் தூள் விட்டுவைக்காது.

கார்பன் தேய்ந்தால் ஃபேன் நின்று நின்று ஓடும், தட்டினால் ஓடும். இந்தப் பழுது எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் கெடுக்கும் பழுது புஷ்ஷில்தான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள மோட்டாரின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காந்தங்களுக்கு நடுவே சுற்றும் ஆர்மேச்சர், மின்சாரத்தை வாங்கிச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போதே அது ஒரு டைனமோவாகவும் ஆகிவிடுகிறது. தனக்குள் ஒரு வோல்டேஜை உண்டாக்கி, பேட்டரியிலிருந்து வருவதை எதிர்த்து நிற்கிறது. வேகம் கூடினால் இந்த எதிர் வோல்டேஜும் கூடும். ஓர் எடுத்துக்காட்டு: ஆர்மேச்சர் சுற்றின் மின்தடை 0.4 ஓம், வரும் வோல்டேஜ் 13. ஃபேன் நன்றாகச் சுற்றும்போது 8 ஆம்பியர் இழுக்கிறது என்றால், சுற்றில் தொலைவது 3.2 வோல்ட். மீதி 9.8 வோல்டும் எதிர் வோல்டேஜ். ஃபேன் இறக்கையில் ஒரு துணி சிக்கி நின்றுவிட்டால் எதிர்ப்பதற்கு யாரும் இல்லை. 13ஐ 0.4ஆல் வகுத்தால் 32 ஆம்பியருக்கு மேல். ஃபியூஸ் போய்விடும். போக வேண்டியதுதான், அதற்காகத்தான் அது இருக்கிறது.

இப்போது புஷ் காய்ந்து, ஷாஃப்ட் இறுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிற்கவில்லை, வேகம்தான் குறைகிறது. வேகம் குறைந்ததால் எதிர் வோல்டேஜ் குறைகிறது. அதனால் கூடுதல் மின்சாரம் பாய்கிறது. 14 ஆம்பியர் என்று கொண்டால், சுற்றில் தொலைவது 5.6 வோல்ட், எதிர் வோல்டேஜ் 7.4. அதாவது ஃபேனின் வேகம் கால்பங்கு போயிற்று. ஆனால் சுற்றில் உண்டாகும் சூடோ 26 வாட்டிலிருந்து 78 வாட்டாக, மூன்று மடங்காக ஏறிவிட்டது. மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் எழுதியது இங்கே நடக்கிறது. சூட்டில் செப்பின் தடை கூடும், புஷ்ஷின் எண்ணெய் இன்னும் வற்றும், ஷாஃப்ட் இன்னும் இறுகும். வட்டம் சுற்றிக்கொண்டே போகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அது 14க்கு உருகாது. வண்டிக்காரர் பார்க்கும்போது ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது இழுக்கும் காற்று போதாது.

மோட்டார் இன்னும் கொஞ்சம் இறுகி, ஃபியூஸ் ஒருநாள் உருகும். வேறொன்று போட்டால் அதுவும் உருகும். அப்போது 15க்குப் பதில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதோ, வயரை முறுக்கிச் செருகுவதோ வழக்கமாக இருக்கிறது. அந்த இடத்திலிருந்து பாதுகாப்பு என்பது வண்டியில் இல்லை. இனி உருகப்போவது வயரின் மேலுறை. ஆம்னியில் அந்த வயர் ஓடுவது ஆட்கள் உட்காரும் இடத்துக்கு அடியில், பெட்ரோலும் சில வண்டிகளில் எரிவாயுவும் இருக்கும் வண்டியில். இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும், ஃபியூஸைப் பெரிதாக்குவதுபோல ஆபத்தான வேலை வயரிங்கில் வேறில்லை.

மோட்டார் நன்றாக இருந்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றும் வண்டிகள் உண்டு. அங்கே குற்றவாளி வயரிங். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பிய மின்சாரம் சாவி சுவிட்ச், ஃபியூஸ், கப்ளர், மோட்டார், தெர்மோ சுவிட்ச் என்று போய், கடைசியில் வண்டியின் தகரத்தில் இறங்கி, ‘பாடி எர்த்’ வழியாக நெகட்டிவ் முனைக்குத் திரும்ப வேண்டும். போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு.

எர்த் என்பது பெரும்பாலும் தகரத்தில் ஒரு போல்ட், அதன்கீழ் ஒரு வளைய முனை. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் கடற்கரையின் உப்புக்காற்று, மழை, சேறு எல்லாம் அந்தப் போல்ட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு அரிக்கும். போல்ட்டுக்கு அடியில் பழுப்புத் துரு ஒரு தோலாகப் படியும். கப்ளருக்குள் பித்தளை முனைகளில் பச்சை பூக்கும். அந்தத் தோலின் தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொண்டால், 8 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 1.2 வோல்ட் தொலைகிறது. சுமார் 10 வாட் சூடு. வீட்டு எல்இடி பல்பு எரிய எடுக்கும் அளவு ஆற்றல், நகக்கண் அளவு முனையில் சூடாக மாறுகிறது. ஃபேனுக்கு வர வேண்டிய வோல்டேஜும் குறைந்தது, கப்ளரின் பிளாஸ்டிக்கும் இளகத் தொடங்கிற்று. கழற்றிப் பார்த்தால் வெள்ளைக் கப்ளரின் ஒரு துளை மட்டும் காப்பி நிறத்தில் கருகியிருக்கும். மற்ற துளைகள் வெள்ளையாகவே இருக்கும். எது பழுது என்று இதைவிடத் தெளிவாக எந்த வண்டியும் சொல்லாது.

இந்த 0.15 ஓம் எந்தச் சோதனையிலும் எளிதில் மாட்டாது என்பதுதான் கஷ்டம். மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்துத் தொட்டால் ‘கீ’ என்று கத்தும். வயர் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். டெஸ்ட் லைட்டும் எரியும். பஸ்ஸருக்கும் டெஸ்ட் லைட்டுக்கும் தேவைப்படும் மின்சாரம் மிகக் கொஞ்சம். ஓம் அளந்து பார்க்கலாம் என்றால் மீட்டரின் வயர்களுக்கே அந்த அளவு தடை இருக்கும். ஃபேன் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் எர்த் பக்கத்து வயரிலும் தொட வேண்டும். நல்ல வயரிங்கில் 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டாது. ஒரு வோல்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல். பழைய எலக்ட்ரீஷியன்களில் கைதேர்ந்தவர்கள் மீட்டரே இல்லாமல் ஒரு வேலை செய்வார்கள்: பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றை மோட்டார் எர்த்தில் தொட வைத்துக் காதைக் கொடுப்பார்கள். ஃபேனின் சத்தம் ஒரு சுதி ஏறினால் எர்த் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இது முழுக்க முழுக்கச் சரியான சோதனை.

தெர்மோ சுவிட்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஓடும் பாதையில் திருகப்பட்ட பித்தளை மூக்கு அது. தண்ணீர் 90 முதல் 95 டிகிரிக்குள் வந்ததும் அதன் உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து இணைப்பைக் கொடுக்கும். சில டிகிரி ஆறியதும் விட்டுவிடும். பல பழைய வண்டிகளில் ஃபேனின் முழு மின்சாரமும் இந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகவே போகும். ஒவ்வொரு முறை இணையும்போதும் பிரியும்போதும் முனைகளில் பொறி. ஆயிரக்கணக்கான முறைக்குப் பிறகு முனை கருகும். பின்னால் வந்த வண்டிகளில் இடையில் ரிலே வந்தது: சுவிட்ச் சின்ன மின்சாரத்தில் ரிலேக்கு ஆணை கொடுக்கும், ரிலே பெரிய மின்சாரத்தைத் தாங்கும். பழைய வேனில் புதிதாக ஒரு ரிலே சேர்ப்பது, செலவுக்குப் பலன் மிக அதிகம் தரும் வேலைகளில் ஒன்று.

சுவிட்சுக்கு இன்னொரு எதிரி தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் விஷயம். அப்படிப்பட்ட போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு எங்கே போகும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சுவிட்சின் மூக்கிலும் படியும். உப்புத்தோல் போர்த்திய மூக்கு சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். தண்ணீர் மட்டம் குறைந்து மூக்கைச் சுற்றி ஆவியும் காற்றும் நின்றால் இன்னும் மோசம். என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், சுவிட்ச் தூங்கும். கூலண்ட் விலை அதிகம் என்று சொல்பவர்கள் ஹெட் கேஸ்கட் மாற்றும் கூலியோடு அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலை ஓரத்து எலக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

“அண்ணா, ஃபேன் சுத்த மாட்டேங்குது. டைரக்ட் குடுத்துடுங்க.”

“குடுத்துடலாம் தம்பி. சாவி போட்டா ஓடும், ஆஃப் பண்ணா நிக்கும். ஆனா கார்பன் சீக்கிரம் போயிடும், பாத்துக்க.”

“பரவால்லண்ணா. ஹீட் ஆகாம இருந்தா போதும்.”

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நடுவழியில் குடும்பத்தோடு நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது சுற்றும் ஃபேன். தெர்மோ சுவிட்சின் கப்ளரைக் கழற்றி இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் ஃபேன் ஓடும். அது நல்ல சோதனையும்கூட, மோட்டாரும் ஃபியூஸும் சரி, கெட்டது சுவிட்சோ தண்ணீர் மட்டமோ என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். வீடு போய்ச் சேரவும் அது போதும். ஆனால் அதையே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதில்தான் கேடு. நாளில் கால்வாசி நேரம் ஓட வேண்டிய மோட்டார் முழு நேரமும் ஓடினால் கார்பன் நான்கு மடங்கு வேகத்தில் தேயும். இரவில் ஹெட்லைட்டும் போட்டு ஐடிலில் நின்றால் பழைய சிறிய ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்காது, பேட்டரி இறங்கும். கருகிய கப்ளரும் துருப்பிடித்த எர்த்தும் அப்படியே இருக்க, அவற்றின் வழியே ஓயாமல் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். டைரக்ட் கொடுத்த வண்டியில் பழுது போகவில்லை. பழுது இருப்பதைச் சொல்ல இருந்த ஒரே அடையாளம் போய்விட்டது.

இதன் உடன்பிறப்பு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தெர்மோஸ்டாட் என்பது வேறு கருவி. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் மெழுகு வால்வு அது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு” என்று கழற்றிவிடுகிறார்கள். அதிகாலை முதல் ஷிப்டுக்கு ஆளேற்றும் வண்டி ஓட வேண்டிய சூட்டுக்கு வந்து சேரவே நெடுநேரம் ஆகும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். மைலேஜ் குறையும், பிஸ்டன் ரிங் தேயும். சூட்டுக்குப் பயந்து செய்த வேலை குளிரால் என்ஜினைத் தின்னும்.

மோட்டாரை மாற்றும்போது நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்லலாம். நிலைக்காந்த மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதேதான், இறக்கையும் சுற்றுகிறது, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நிற்கும்போது ஓரளவு சமாளித்துவிட்டு, வண்டி நகரத் தொடங்கியதும் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். கண்டுபிடிக்க ஒரு நோட்டுத்தாள் போதும். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்முகத்தில் தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் வயரை மாற்று.

இந்தத் தொல்லைகள் ஆம்னிக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். கேம்பர் வேன் பிரியர்கள் கொண்டாடும் ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை வேன் 1979இல் காற்றால் குளிரும் பெட்ரோல் என்ஜினோடு வந்து, 1982 இறுதியில் தண்ணீருக்கு மாறியது. அதில் என்ஜின் வண்டியின் கடைசியில், ரேடியேட்டர் மூக்கில். இரண்டுக்கும் இடையே வண்டியின் முழு நீளத்துக்கும் குழாய் ஓடுகிறது. உள்ளே 16 லிட்டருக்குக் குறையாத தண்ணீர். டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னே ஃபேன் ஓடுகிறதா என்று பின்னாலிருக்கும் என்ஜினுக்குத் தெரியாது. அந்த வேன்களைப் பேணுபவர்களும் செய்வது இதையேதான்: எர்த்தைச் சுரண்டித் துடைப்பது, ரிலே சேர்ப்பது, தடித்த வயர் போடுவது. ஜெர்மனியின் குளிருக்கு அளந்து செய்த வயரிங்கே வயதானால் இப்படி என்றால், ஆடி வெயிலில் ஏழெட்டுப் பேரோடு நிற்கும் வண்டியின் வயரிங்கை எவ்வளவு அக்கறையோடு பார்க்க வேண்டும்!

ஓரங்கட்டிய வண்டியில் முதலில் செய்யக்கூடாதது ஒன்று. ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. மூடியின் ஸ்பிரிங், வெளிக்காற்றைவிடச் சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடி அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே மூச்சில் கொதித்து, ஆவியோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். சென்னைப் பக்கத்து மெக்கானிக்குகளில் பலரின் முன்கையில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். அரைமணி நேரம் பொறுத்தால் மேல் ஹோஸைக் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறிவிடும். அதுவரை மூடியைத் தொட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் வண்டியே பழைய இரும்புக்குப் போகும். கும்மிடிப்பூண்டியின் இண்டக்‌ஷன் உலைகளில் பழைய இரும்பு உருகுகிறது. அந்த உலையும் ஜூல் சொன்ன விதியில்தான் இயங்குகிறது. உலையைச் சுற்றிய சுருளில் பாயும் மின்சாரம் உள்ளே கிடக்கும் இரும்பிலேயே பெரும் மின்சாரத்தைத் தூண்டி, அதன் தடையால் அதை உருக்குகிறது. வேனில் ஒரு கப்ளரை இளக்கிய அதே விதி. ஆனால் வண்டியின் ஃபேன் மோட்டாரும் வயரிங் கிட்டும் அந்த உலைக்குள் போகக்கூடாது. உருகிய இரும்பில் செம்பு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. உருட்டும்போது கம்பியின் மேல்முகம் வெடிக்கும். ஆகவே உடைக்கும் இடத்திலேயே மோட்டாரைத் தனியாகக் கழற்றி வைக்கிறார்கள்.

கழற்றியவற்றில் செப்புக்காக உடைபடுபவை போக, ஓடும் நிலையில் இருப்பவை சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. மண்ணெண்ணெய்யில் கழுவி, புதுக் கார்பன் போட்டு, கயிற்றில் கோத்து வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடிக்கு முன்னால் வாங்க வருபவர் ஒன்றை இறக்கச் சொல்லி, இறக்கையை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். பிறகு ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறார். புஷ்ஷில் ஆட்டம் தெரிகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தொங்குவதைக் காட்டுகிறார்.